வெஸ்ஸின் சுண்டுவிரல்

எங்கள் ஊர் பெட்ரோல் பங்கில் காப்பி ஊற்றிக்கொண்டு நிற்கும்போது யாராவது ஒருவன் என் முதுகில் தட்டி, "கிளின்ட், ஒரு இன்னிங்ஸ்ல கோச் எத்தனை தடவை கோட்டைத் தாண்டலாம்?" என்று கேட்பான். கேட்டுவிட்டு அவனே சிரிப்பான். கல்லாவில் நிற்கிறவளும் சிரிப்பாள். "ஒரு தடவை" என்று நானும் ஒழுங்காகப் பதில் சொல்லி, கோப்பையின் மூடியை அழுத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவேன்.

ஒரு தடவைதான். பந்து போடுகிற பிட்சரிடம் பேச வேண்டுமென்றால் கோச் வெள்ளைக் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் போகலாம், ஒரு இன்னிங்ஸுக்கு ஒரு முறை. அதே இன்னிங்ஸில் இரண்டாம் முறை எந்தக் கோச் போனாலும் அந்தப் பிட்சரை வெளியே எடுத்தே ஆக வேண்டும், அவன் எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும். நெப்ராஸ்காவில் பல் முளைக்காத பிள்ளைக்கும் இது தெரியும். செடார் ஃபோர்க் கல்லூரியின் பிட்சிங் கோச் கிளின்ட் கோவார் என்கிற எனக்கு மட்டும், சாம்பியன் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில், மறந்துபோய்விட்டது. ஊர் அப்படித்தான் நம்புகிறது.

அந்த வருஷம் மார்ச் மாதத்தில் எங்களை யாரும் மதிக்கவில்லை. மைதானத்தில் கிடக்கும் பனியை மண்வெட்டியால் அள்ளிக் கொட்டிவிட்டு ஆடுவோம். ஆடித் தோற்போம். தோற்றுவிட்டு, ஹீட்டர் வேலை செய்யாத பஸ்ஸில் நடுங்கிக்கொண்டே ஊர் திரும்புவோம். தலைமைக் கோச் ஹாலிஸ் பிராண்ட் முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். வாழ்நாள் முழுக்க இந்த ஒரு கல்லூரிக்கே உழைத்தவர். ஒரு கோப்பைகூட வாங்கியதில்லை. அந்த வருஷத்தோடு ஓய்வு பெறுகிறார். அவருக்கு ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று பையன்கள் பேசிக்கொள்வார்கள். அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தால் ஒரு டீ கோப்பைகூட வாங்கிக் கொடுக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை, வழியில் நின்ற கடையில் ஹாலிஸ் முட்டை சாண்ட்விச் ஒன்று வாங்கித் தின்றார். அன்றைக்கு ஜெயித்தோம். அடுத்த ஆட்டத்தன்றும் தின்றார், அன்றைக்கும் ஜெயித்தோம். அதோடு அவர் தலையெழுத்து முடிவாகிவிட்டது. ஆட்டம் இருக்கிற ஒவ்வொரு நாளும், அந்தக் காய்ந்துபோன ரொட்டிக்காகவே பஸ் சுற்று வழியில் போகும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தின்பார். பிட்சர் போடும் பந்தைப் பிடிக்கிற கேட்சர் ரூபன் சாலினாஸ், ஜெயித்த நாளில் போட்டிருந்த சாக்ஸைத் துவைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டான். பஸ்ஸில் அவன் பக்கத்து சீட்டில் உட்கார ஆளில்லை. வெள்ளைக் கோட்டை மிதிக்காமல் தாண்டிப் போவது பேஸ்பாலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான், எங்கள் பையன்களோ அதன் அருகில் வரும்போதே ஓடையைத் தாண்டுவதுபோல் குதித்தார்கள். பைத்தியக்காரக் கூட்டம். ஆனால் ஜெயித்துக்கொண்டே இருந்தோம். ஜெயிக்கிறவனிடம் சாக்ஸைத் துவை என்று யார் சொல்வது?

உண்மையில் ஜெயிக்க வைத்தது சாண்ட்விச்சோ சாக்ஸோ இல்லை. எங்கள் பிட்சர், என் தம்பி வெஸ். அவன் கையிலிருந்து பந்து புறப்படுவதுதான் தெரியும், ரூபனின் கையுறையில் அது அறைகிற சத்தம் அதற்குள் கேட்டுவிடும். ஏப்ரலிலேயே பெரிய லீக் அணி ஒன்றின் ஆள், ஓலைத் தொப்பியும் வேகம் அளக்கும் கருவியுமாக எங்கள் ஆட்டங்களுக்கு வர ஆரம்பித்துவிட்டார். சோளக்காட்டைத் தவிர வேறு எதையும் தராத எங்கள் வீட்டில் முதல்முறையாக ஒருவன் வெளியே போகப்போகிறான் என்று அப்பா கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் கடைசியில் வெஸ்ஸுக்கு முழங்கை வலித்தது. அப்பாவிடம் சொல்லாமல் இருவரும் ஒமாஹாவுக்குப் போனோம். டாக்டர் அம்மாள் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினாள்.

"தசைநார்ல சின்னதா ஒரு கிழிசல். இப்ப நிறுத்திட்டா தானா ஆறும்."

"நிறுத்த முடியாது" என்றான் வெஸ்.

"அப்படின்னா ஒண்ணு சொல்றேன், காதுல போட்டுக்கோ. சுண்டுவிரல் மரத்துப்போச்சுன்னா அந்த நிமிஷமே பந்தைக் கீழ வெச்சிடணும். அது நரம்பு உனக்கு விடற கடைசி எச்சரிக்கை. அதுக்கப்புறம் போடற ஒவ்வொரு பந்தும் நரம்பைத் தின்னும். அப்புறம் பேஸ்பாலை விடு, சட்டைப் பட்டன் போடவே இன்னொருத்தர் வரணும்."

திரும்பி வரும்போது காரில் அவன்தான் பேசினான். "மரத்துப்போச்சுன்னா நானே சொல்லிடுவேன் கிளின்ட். நான் என்ன முட்டாளா?"

"முட்டாள்தான்."

"உன் தம்பிதானே, வேற எப்படி இருப்பேன்."

சிரித்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சிரிப்பின் மேல் எனக்குக் கோபம் வருகிறது. ஹாலிஸிடம் விஷயத்தைச் சொன்னேன். "பாத்துக்கலாம்" என்றார். பார்த்துக்கொண்டோம். அவன் பந்து போட்டுக்கொண்டே இருந்தான், நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

மே மாதக் கடைசியில் மிசூரியில் இறுதி ஆட்டம். ஒரே ஆட்டம், ஜெயித்தவன் சாம்பியன். அடிக்கிற வெயிலில் ரூபனின் சாக்ஸ் அவனுக்கு முன்பே மைதானத்துக்குள் நுழைந்துவிட்டது. எங்கள் ஊரில் பாதி, பார்வையாளர்களுக்கான பலகை வரிசைகளில் வந்து உட்கார்ந்திருந்தது. அப்பா முதல் வரிசையில். ஓலைத் தொப்பிக்காரர் கேட்சருக்கு நேர் பின்னால்.

இரண்டு ரன் எடுத்தோம். எதிரணி ஒன்றுமே எடுக்கவில்லை. ரன் மட்டுமல்ல, வெஸ்ஸின் பந்தை ஒழுங்காக ஒரு முறைகூட அடித்து, ரன்னுக்காகச் சுற்றி வரவேண்டிய நான்கு பேஸ்களில் முதலாவதுக்கு ஓட முடியவில்லை அவர்களால். ஒரு பிட்சர் ஆட்டம் முழுக்க ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முடிப்பது பேஸ்பாலில் வாழ்நாளில் ஒரு தடவை கிடைக்கிற பேறு. அது இறுதி ஆட்டத்தில் கிடைத்தால் அவன் பெயரைக் கல்லூரிச் சுவரில் செதுக்குவார்கள்.

இதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் பாதியைத் தாண்டியும் ஹிட் விழவில்லை என்றால், அந்தப் பிட்சரோடு யாரும் பேசக் கூடாது. பக்கத்தில் உட்காரக் கூடாது. நடந்துகொண்டிருக்கிற விஷயத்தின் பெயரைச் சொல்லவே கூடாது. சொன்னால் கெட்டுவிடும். வேறு நாட்களிலேயே எதற்கும் துணிந்த எங்கள் பைத்தியங்கள் அன்றைக்கு இதை எப்படிக் கடைப்பிடித்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. மொத்தம் ஒன்பதில் ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்து வெஸ் வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். எல்லோரும் சத்தமில்லாமல் மறு கோடிக்கு நகர்ந்துவிட்டார்கள். அவனுக்கும் எங்களுக்கும் நடுவில் காலிப் பலகை. தொற்றுநோய்க்காரனை ஒதுக்கி வைத்ததுபோல் இருந்தது. அவனோ தரையைப் பார்த்தபடி இருந்தான். அவனுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

ஏழாவது இன்னிங்ஸ் முடிந்து வந்தவன் வலது கையை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். அந்த வெயிலில் ஜாக்கெட். தண்ணீர் பாட்டிலை இடது கையில் எடுத்தான். மூடியைத் திருக வலது கையை வெளியே எடுக்கவில்லை. பல்லால் கடித்துத் திருகித் துப்பினான்.

பெஞ்சில் இருந்த ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. அவனைப் பார்ப்பதே கூடாது என்று எல்லோரும் மைதானத்தை முறைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தேன்.

எழுந்தேன். ஹாலிஸ் என் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். "எங்கே போறே?"

"அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

"பேசினே, உன்னை இங்கேயே விட்டுட்டு பஸ் கிளம்பிடும். உட்காரு."

உட்கார்ந்தேன். எட்டாவது இன்னிங்ஸ் முழுக்க அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இன்னிங்ஸுக்கு வெளியே அனுப்ப வேண்டிய மூன்று பேரையும் அனுப்பினான், ஆனால் பந்து முன்பு போன வேகத்தில் போகவில்லை. ரூபன் ஒவ்வொரு பந்தையும் பிடித்துவிட்டு, அதில் ஏதோ குறைவதுபோல் உறைக்குள் எட்டிப் பார்த்தான்.

அடுத்து நாங்கள் பேட் செய்கிற முறை. ஹாலிஸ் பேட்டுக்குப் போகிறவனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, நேராகப் போய் வெஸ் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெஞ்ச் முழுவதும் மூச்சை இழுத்த சத்தம் கேட்டது.

"டேய் கிளின்ட்!" என்று ரூபன் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினான். "உனக்கு என்ன பைத்தியமா? எந்திரிடா!"

வெஸ் என் பக்கம் திரும்பவில்லை. "எந்திரிச்சுப் போ. எல்லாரும் பாக்கறாங்க."

"விரல் எப்படி இருக்கு?"

"விரல் விரல் மாதிரி இருக்கு. போ."

ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு அவன் வலது கையைப் பிடித்தேன். சுண்டுவிரலின் நுனியில் நகம் பதியக் கிள்ளினேன். பலமாகத்தான் கிள்ளினேன், சின்ன வயதில் அம்மாவுக்குத் தெரியாமல் அவனைக் கிள்ளுகிற மாதிரி. அப்போதெல்லாம் ஊரைக் கூட்டிவிடுவான்.

"போயேன் கிளின்ட்" என்றான், மைதானத்தைப் பார்த்தபடியே. "ஒண்ணும் இல்ல."

"நான் என்ன பண்றேன்னு தெரியுதா?"

"என்ன பண்றே?"

"கிள்ளிக்கிட்டு இருக்கேன்."

அப்போதுதான் குனிந்து பார்த்தான். என் நகம் அவன் விரலுக்குள் புதைந்து கிடந்தது. ரத்தம் துளிர்த்திருந்தது. அவன் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். அவனுக்கே அதுவரை முழுசாகத் தெரிந்திருக்கவில்லை போலிருக்கிறது.

"எப்பலேர்ந்து?"

"ஏழாவதுலேர்ந்து. இன்னும் மூணு பேரு கிளின்ட். மூணே மூணு பேரு. அப்புறம் வாழ்நாள் பூரா ஓய்வு எடுத்துக்கறேன்."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"அந்தத் தொப்பிக்காரர் பாத்துக்கிட்டு இருக்கார். அப்பா பாத்துக்கிட்டு இருக்கார். நீ வாயைத் திறந்தே, சத்தியமா இந்த ஜென்மத்துல உன்கூடப் பேச மாட்டேன்."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து போய் ஹாலிஸின் காதில் சொன்னேன். "கோச், விரல் மரத்துப்போச்சு. அவனை எடுத்துடுங்க."

அவர் கண் என்னைப் பார்த்தது. பிறகு பலகை வரிசைகளைப் பார்த்தது. கெட்ட மனுஷர் இல்லை அவர். ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு ஒரு காது செவிடாகிவிட்டது.

"அவன் வாயால சொன்னானா?"

"என்கிட்ட சொன்னான்."

"என்கிட்ட சொல்லட்டும். சொன்னா எடுத்துடறேன்."

ஒன்பதாவது இன்னிங்ஸ். முதல் ஆளுக்கு வெஸ் போட்ட பந்துகள் அங்குமிங்கும் போயின. நான்கு பந்து தவறினால் அடிக்கிறவன் சும்மாவே முதல் பேஸுக்குப் போய்விடலாம். போனான். ஹிட் இல்லை, ஆனாலும் ஆள் ஏறிவிட்டான். ஹாலிஸ் எழுந்தார். வெள்ளைக் கோட்டைக் கவனமாகத் தாண்டி, பிட்சர் நிற்கும் மண்மேட்டுக்கு நடந்தார்.

நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வேண்டினேன். சொல்லுடா. வாயைத் திறந்து சொல்லித் தொலைடா. வெஸ் தலையை ஆட்டுவது தெரிந்தது. கையை உயர்த்தி விரல்களை விரித்துக் காட்டினான். அது இடது கை. உறையைக் கழற்றி இடுக்கிக்கொண்டு, நல்ல கையைக் காட்டினான் பாவி. ஹாலிஸ் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். எது எந்தக் கை என்று பார்க்க அவருக்கு மனசில்லை.

அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் பெஞ்சை அடுத்த வேலியோரத்தில் மாற்றுப் பிட்சர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்கு அங்கே மிச்சமிருந்தது டோபி ரென்னர் ஒருவன்தான். பக்கவாட்டில் கையை வீசிப் போடுவான். அவன் பந்து போய்ச் சேர்வதற்குள் கோச் ஒரு சாண்ட்விச் தின்றுவிடலாம் என்று பையன்கள் கேலி செய்வார்கள். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டிருந்தான்.

"டோபி, பந்தை எடு. சீக்கிரம் கையைச் சூடு பண்ணு."

விதை புரையேறிவிட்டது அவனுக்கு. "நானா? எதுக்கு? கோச் சொன்னாரா?"

"நான் சொல்றேன். போடு."

ஹாலிஸ் வந்து உட்கார்ந்தார். "நல்லாத்தான் இருக்கான்" என்றார், யாரையும் பார்க்காமல்.

இரண்டாவது ஆள் அடித்த பந்து வேலி வரை போயிற்று. எங்கள் பையன் வேலியில் முதுகு மோதப் பிடித்தான். ஒருவன் வெளியே, இன்னும் இரண்டு பேர். ஊர் முழுக்க எழுந்து நின்றது, ஆனால் யாரும் கத்தவில்லை. கத்தினால் கெட்டுவிடும். பந்தை வெஸ்ஸிடம் எறிந்தார்கள். இடது கை உறையில் பிடித்தான். வலது கையில் எடுத்தான். பந்து விரல்களுக்கு நடுவே நழுவிக் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தான், மறுபடியும் விழுந்தது. மூன்றாம் முறை உறையாலேயே பந்தை அள்ளி, வலது உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொண்டான். வேறு யாருடைய கையிலோ வைப்பதுபோல் வைத்தான்.

அதைப் பார்த்ததும் எனக்கு எதுவுமே இல்லாமல் போயிற்று. கோப்பை இல்லை, தொப்பிக்காரர் இல்லை, ஹாலிஸ் இல்லை. சட்டைப் பட்டன் மட்டும்தான் கண் முன்னால் இருந்தது. எழுந்து நடந்தேன்.

"கிளின்ட்!" ஹாலிஸின் குரல் கீச்சென்று வந்தது. "கோட்டைத் தாண்டாதே! நான் ஏற்கெனவே போயிட்டு வந்துட்டேன்! கிளின்ட்!"

பெஞ்ச் மொத்தமும் அலறியது. ரூபன் முகமூடியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கையை ஆட்டியபடி ஓடிவந்தான். நான் தாண்டவில்லை. வெள்ளைக் கோட்டின் மேல் காலை நன்றாக வைத்து மிதித்துக்கொண்டு போனேன். போகிறது போகிறோம், அதையும் செய்துவிட்டால் என்ன?

மேட்டில் வெஸ் என்னை வெறித்துப் பார்த்தான். "என்ன பண்றே நீ? அவரு வந்துட்டுப் போயிட்டாரே!"

"மறந்துட்டேன்" என்றேன்.

அம்பயர் வந்தார். வயசானவர். அவருக்கே சொல்லக் கூச்சமாக இருந்தது. "இது ரெண்டாவது தடவை கோச். பிட்சரை மாத்தியாகணும்."

"கிளின்ட், சொல்லு இவர்கிட்ட. கணக்குல சேராதுன்னு சொல்லு." குழந்தை மாதிரி இருந்தான். "ரெண்டே பேரு. கிளின்ட், ரெண்டே ரெண்டு பேரு."

"மன்னிச்சுக்கோ. மறந்துட்டேன்டா."

பந்தைக் கொடுக்கக் கையை நீட்டினேன். அவன் கொடுக்கவில்லை. கையைத் திறந்தான், அது தானாகத் தரையில் விழுந்தது. அவன் என்னைத் தாண்டி நடந்து போனான். பலகை வரிசைகளிலிருந்து வந்த கூச்சலில் என் அப்பாவின் குரலும் இருந்தது. தனியாகக் கேட்டது எனக்கு.

டோபியின் முதல் பந்திலேயே ஹிட். பந்து சுவரில் மோதித் திரும்புவதற்குள் முதல் பேஸில் இருந்தவன் சுற்றி வந்து ரன் எடுத்துவிட்டான். இரண்டுக்கு ஒன்று. அடித்தவன் இரண்டாவது பேஸில். பெஞ்சில் என் பக்கத்தில் இப்போது யாரும் இல்லை. இந்தத் தடவை காலிப் பலகை எனக்கு. தோற்றிருந்தால் நான் அங்கிருந்து எங்கே போயிருப்பேன் என்று தெரியாது. ஊருக்குப் போயிருக்க மாட்டேன்.

அடுத்தவன் டோபியின் மெதுவான பந்துக்கு அவசரப்பட்டு மூன்று முறை காற்றை வெட்டிவிட்டுப் போனான். அதற்கடுத்தவன் அடித்த பந்து டோபியின் முழங்காலில் மோதி உருண்டது. அவன் வலியில் உட்கார்ந்துவிட்டான். ரூபன் பாய்ந்து எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தான். அம்பயர் கையை உயர்த்தினார். சாம்பியன்.

எல்லோரும் டோபியின் மேல் குவியலாக விழுந்தார்கள். ஹாலிஸ் தேம்பித் தேம்பி அழுதார். ஒவ்வொருவனாகக் கட்டிப்பிடித்தார், என்னிடம் வந்ததும் அடுத்தவனிடம் போய்விட்டார். வெஸ் ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றான். அந்தக் குவியலுக்குப் போகவில்லை.

ஓலைத் தொப்பிக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். "நல்லா போட்டுக்கிட்டிருந்த பையனை ஏன் எடுத்தீங்க? கையில ஏதாவது பிரச்சினையா?"

அவர் கண் கூர்மையாக இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்னை முட்டாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவரும் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார், திரும்பி வர மாட்டார்.

"கை நல்லா இருக்கு சார். நான்தான் மறந்துட்டேன். கோச் ஏற்கெனவே போனது ஞாபகம் இல்ல."

அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்குப் பின்னால் அப்பா நின்றிருந்தார். "ஒரே ஒரு விதிடா" என்றார். "எனக்கே தெரியும். சோளம் விதைக்கிறவன் எனக்கே தெரியும்." அவ்வளவுதான் சொன்னார். பஸ்ஸில் நான் ரூபன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தேன். அங்கேதான் இடம் இருந்தது.

வாரம் முடிவதற்குள் வெஸ் ஒமாஹாவுக்குப் போனான். இந்தத் தடவை அப்பா கூட்டிக்கொண்டு போனார். தசைநார் முழுசாக அறுந்திருந்தது. ஏழாவது இன்னிங்ஸிலேயே அறுந்திருக்கும் என்று டாக்டர் அம்மாள் சொல்லியிருக்கிறாள். அதைத் தைத்துவிடலாம், ஆனால் நரம்பு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று இப்போது சொல்ல முடியாது, காத்திருந்துதான் பார்க்க வேண்டும். விஷயம் எப்படியோ வெளியே போய்விட்டது. தொப்பிக்காரர் அதன் பிறகு தொலைபேசியில் பேசவில்லை. ஜூனில் பெரிய லீக் அணிகள் ஆள் எடுத்தபோது வெஸ்ஸின் பெயரை யாரும் சொல்லவில்லை.

ஆக, நான் போய் எதைக் காப்பாற்றினேன்? அறுந்தது எனக்கு முன்னாலேயே அறுந்துவிட்டது. அவன் இன்னும் இரண்டு பேருக்குப் போட்டிருந்தால் சுவரில் பெயராவது இருந்திருக்கும். வங்கியின் கண்ணாடியில் இப்போது டோபியின் படம்தான் தொங்குகிறது, அதில் விதை மென்றுகொண்டிருக்கிறான். இதையே நினைத்து நினைத்து நான் தானியக் கிடங்கில் சுவரைக் குத்தியிருக்கிறேன்.

வெஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். என்னோடு பேசவில்லை. ஆட்டத்தன்று நாங்கள் அவனுக்குச் செய்ததை வீட்டில் அவன் எனக்குச் செய்தான். நான் போய் உட்கார்ந்தால் எழுந்து மறு கோடிக்குப் போவான். ஜூலையில் அவன் கையைத் தைத்துக் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். வலது கை மடக்கிய நிலையில், விரல்கள் மட்டும் வெளியே.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் மூன்று பேர் இருந்தோம். பன்றி இறைச்சியும் சோளமும் வைத்துவிட்டு அம்மா சர்ச் வேலையாகப் போயிருந்தாள். அப்பா வழக்கம்போல் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். வெஸ் இடது கையில் முள்கரண்டியைப் பிடித்து இறைச்சியைத் துரத்திக்கொண்டிருந்தான். திடீரென்று கரண்டியை வைத்தான்.

"டோபி எப்படி ரெடியா இருந்தான்?"

யாரிடம் கேட்கிறான் என்று முதலில் புரியவில்லை. மாதக் கணக்கில் அவன் குரல் என் பக்கம் வந்ததில்லை.

"நீ கோட்டைத் தாண்டறதுக்கு முன்னாடியே அவன் வேலியோரத்துல பந்து போட்டுக்கிட்டு இருந்தான். மேட்டுலேர்ந்து எனக்குத் தெரிஞ்சுது. அப்ப மண்டையில ஏறல. இப்ப இந்தக் கட்டோட படுத்துக் கிடக்கறப்போ அதுதான் திரும்பத் திரும்ப வருது. மறந்துபோனவன் எதுக்கு இன்னொரு பிட்சரைச் சூடு பண்ணச் சொல்றான்?"

அப்பாவின் கரண்டி நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், ஆட்டம் முடிந்த நாளுக்குப் பிறகு முதல் முறையாக முகத்துக்கு நேராகப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, என் தோளில் ஒரு முறை கையை வைத்து எடுத்துவிட்டு, வெளியே மாடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

"இனிமே மறந்துட்டேன்னு மட்டும் சொல்லாதே" என்றான் வெஸ். "எனக்கு வயிறு எரியுது."

"சரி."

"உன்மேல கோபம் போகல."

"சரி."

அவன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டான். தட்டைத் தள்ளி என் முன்னால் வைத்தான். "வெட்டிக் கொடு."

இறைச்சியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டினேன். என் கண் நிறைந்துவிட்டது, கத்தி எங்கே போகிறதென்றே தெரியவில்லை. வெட்டி முடித்ததும் அவன் கட்டுப்போட்ட வலது கையைத் தூக்கி மேஜைமேல் வைத்தான். சுண்டுவிரல் மற்ற விரல்களை விட்டு விலகித் தனியாகக் கிடந்தது. அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"கிள்ளு."

"வெஸ், வேண்டாம்."

"கிள்ளுடா. பலமா."

விரல் நுனியைப் பிடித்துக் கிள்ளினேன். நகம் பதிந்தது. அவன் ஜன்னலுக்கு வெளியே அப்பா மாட்டுக்குத் தண்ணீர் திறந்துவிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கிள்ளிட்டியா?" என்று கேட்டான்.

"இல்ல" என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லவில்லை. "கிள்ளிக்கிட்டுதான் இருக்கேன்."

அவன் இடது கையால் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றான்.

"நாளைக்கும் கிள்ளு" என்றான்.